பொறியைச் சோதித்த பொறிகள்: பேகம்பேட், அமீர்பேட், சனத்நகர் வழியே ஒரு கருவி வரலாறு

ஹைதராபாத்தின் மோட்டார் வரலாறு பெரும்பாலும் ஒரே காரைச் சுற்றிப் பேசப்படுகிறது. ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கான் ஆணையிட்டு, பார்க்கர் நிறுவனம் கூடு கட்டி, 1912இல் உருவான ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் ‘சிம்மாசன கார்’ அது. ஆணையிட்டவர் 1911 ஆகஸ்டிலேயே காலமானார். கார் அவருடைய மகன் மீர் உஸ்மான் அலி கானுக்கு வந்து சேர்ந்தது. இன்று சௌமஹல்லா அரண்மனையில் அதன் மஞ்சள் வண்ணத்தையும் உயர்ந்த இருக்கையையும் பார்க்கக் கூட்டம் வருகிறது. எஞ்சின் மூடிக்குள் இருப்பதைப் பற்றிக் கேட்பவர் குறைவு.

அந்த மூடிக்குள் இருப்பது தொழில்நுட்ப வரலாற்று மாணவருக்கு நல்ல தொடக்கப் புள்ளி. சில்வர் கோஸ்ட் எஞ்சினில் சிலிண்டர்கள் 6; ஸ்பார்க் பிளக்குகள் 12. ஒரு வரிசைக்கு மேக்னட்டோ மின்சாரம் தருகிறது. மற்றொரு வரிசைக்குப் பேட்டரியும் அதிர்வுக் காயிலும் தருகின்றன. ஓட்டுநர் சுவிட்சைத் திருப்பி ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் இயக்கலாம். எஞ்சின் தடுமாறினால் குறை எந்தப் பக்கம் என்பது அப்போதே தெரிந்துவிடும். அதாவது, அந்தக் காரிலேயே ஒரு சோதனைக் கருவி குடியிருந்தது.

எல்லாக் கார்களுக்கும் இந்த வசதி இல்லை. மின்பொறி சரியாக இருக்கிறதா, சரியான கணத்தில் விழுகிறதா என்பதை அறியத் தனிக் கருவிகள் தேவைப்பட்டன. பழைய கார்களைப் புதுப்பிப்போர் பெருகிவரும் இந்நாளில், அந்தக் கருவிகளை மீட்டெடுப்பது எதை மீட்டெடுப்பதாகும் என்ற கேள்வியை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

பற்றவைப்பின் மூன்று வழிகள்

பெட்ரோல் எஞ்சினின் தொடக்க காலத்தில் தீராத தலைவலி பற்றவைப்புதான். ராபர்ட் போஷ் 1897இல் ஒரு மூன்று சக்கர வண்டியில் மேக்னட்டோவைப் பொருத்திக் காட்டினார். அவருடைய பட்டறையின் பொறியாளர் காட்லோப் ஹோனால்ட் 1902இல் உயர் மின்னழுத்த மேக்னட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கினார். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் பேட்டரி, காயில், கண்டென்சர், பாயின்ட் ஆகியவற்றைக் கொண்ட முறையைச் செம்மைப்படுத்த, 1910 மாடல் காடிலாக் கார்கள் அதனுடன் வந்தன. இதற்கு நடுவே ஃபோர்டு மாடல் டி தனக்கென ஒரு வழி வைத்திருந்தது. அதன் ஃபிளைவீலில் 16 காந்தங்கள், எதிரே 16 சுருள்கள்; மரப்பெட்டிக்குள் நான்கு அதிர்வுக் காயில்கள்.

மூன்று வழிகளுக்கும் மூன்று வகைக் கோளாறுகள். மேக்னட்டோவில் காந்தம் சோர்ந்துபோகும்; கெட்டரிங் முறையில் பாயின்ட் கருகும், கண்டென்சர் கசியும்; மாடல் டி காயிலில் அதிர்வுத் தகடு ஒழுங்கு தவறி, ஒரு பொறி விழ வேண்டிய இடத்தில் இரண்டு விழும். கோளாறுகள் வேறுபட்டதால் சோதனைக் கருவிகளும் வேறுபட்டன. ஒரு கருவியைக் கண்டால் அது எந்தப் பத்தாண்டின் எந்த வகைக் கார்களுக்கு வேலை செய்தது என்று சொல்லிவிடலாம்.

1914ஆம் ஆண்டு இதில் ஒரு திருப்பம். போர் மூண்டதும், போஷ் மேக்னட்டோவையே பெரிதும் நம்பியிருந்த பிரிட்டனுக்கு ஜெர்மனியின் வரத்து நின்றது. லூகாஸ் நிறுவனம் அவ்வாண்டே தாம்சன்-பென்னெட் மேக்னட்டோ நிறுவனத்தை வாங்கியது. பிரிட்டனில் ஒரு தனித் தொழிலே முளைத்தது. பின்னாளில் இந்தியப் பட்டறைகளில் லூகாஸ் என்ற பெயர் நிலைத்ததன் வேர்களில் ஒன்று இந்தப் போர்க்கால நெருக்கடியில் இருக்கிறது. சென்னை பாடியில் 1961இல் லூகாஸ்-டிவிஎஸ் அமைந்தது அந்தக் கதையின் பிற்பகுதி.

காதும் கையும் கருவியும்

கருவி வருவதற்கு முன் மெக்கானிக் எதைக்கொண்டு அளந்தார்? பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடல்மீது வைத்துச் சுழற்றி, பொறியின் நிறத்தைப் பார்த்தார். பாயின்ட் திறக்கும் கணத்தை அறிய, இடுக்கில் சிகரெட் தாளைச் செருகி, அது எப்போது தளர்கிறது என்று விரலால் உணர்ந்தார். பிளக் இடைவெளிக்கு ஹேக்சா பிளேடைப் பயன்படுத்தினார். இந்தக் கடைசி வழக்கத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. கையால் அறுக்கும் ஹேக்சா பிளேடின் தடிமன் சுமார் 0.63 மில்லிமீட்டர், அக்காலப் பிரிட்டிஷ் கார்களுக்குக் கையேடுகள் பொதுவாகச் சொன்ன இடைவெளி 0.025 அங்குலம். இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. பட்டறைக்குள்ளேயே கிடந்த ஒரு தொழிற்சாலைப் பொருளை அவர் அளவுகோலாக்கிக்கொண்டார்.

ஆயினும் இம்முறைகளுக்கு எல்லை உண்டு. வாயுவில் மின்பொறி பாய வேண்டிய மின்னழுத்தம், இடைவெளியையும் வாயு அழுத்தத்தையும் பொறுத்தது என்று ஃபிரீட்ரிஷ் பாஷென் 1889இல் காட்டினார். திறந்த வெளியில் நன்றாகப் பொறிவிடும் பிளக், சிலிண்டருக்குள் பல மடங்கு அழுத்தத்தில் பொறிவிடாமல் போகலாம். எஞ்சின்மேல் வைத்துப் பார்க்கும் சோதனை இதைக் காட்டாது. அதனால்தான் பிளக் டெஸ்டர் பிறந்தது: சிறு அறைக்குள் பிளக்கைத் திருகி, அழுத்தக் காற்றை ஏற்றி, கண்ணாடித் துளை வழியே பொறியைப் பார்க்கும் கருவி.

மாடல் டி காயிலுக்கு வந்த கைச்சுழற்சிச் சோதனைப் பொறி இன்னும் சுவையானது. அதற்குள் மாடல் டியின் அதே காந்தங்களும் சுருள்களும் இருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் ஒரு வளையத்தைச் சுற்றி 16 பொறிகள் சம இடைவெளியில் விழ வேண்டும். அம்மீட்டர் முள் 1.3 ஆம்பியர் அருகே நிற்க வேண்டும். ஒரு பொறிக்குப் பக்கத்தில் இன்னொன்று ஒட்டிக்கொண்டு விழுந்தால் தகட்டைச் சரிசெய்ய வேண்டும். எழுத்தறியாதவரும் இந்த வளையத்தைப் படிக்கலாம்.

1930களுக்குப் பின் பெரும் பட்டறைகளுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் டெஸ்டர் வந்தது. அமெரிக்காவில் சன், ஆலன், பிரிட்டனில் கிரிப்டன் முதலிய பெயர்களில் விற்றது. டிஸ்ட்ரிபியூட்டரைக் காரிலிருந்து கழற்றி இதில் பொருத்துவார்கள்; மோட்டார் அதை வேண்டிய வேகத்தில் சுழற்றும்; 360 பாகையிட்ட வளையத்தில், பாயின்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் ஒளிக்கோடு மின்னும். நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு 90 பாகைக்கு ஒருமுறை, ஆறு சிலிண்டருக்கு 60 பாகைக்கு ஒருமுறை கோடு அசையாமல் நிற்க வேண்டும். தண்டின் புஷ் தேய்ந்திருந்தால் கோடு நடுங்கும். டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பாதி வேகத்தில் சுழல்வதால், இங்கே தெரியும் ஒரு பாகைப் பிழை எஞ்சினில் இரண்டு பாகையாகும்.

அமெரிக்க மோட்டார் மெக்கானிக்கின் சமூக நிலையைக் கெவின் போர்க் 2007இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். டேவிட் அர்னால்ட் 2013இல் இந்தியாவின் அன்றாடத் தொழில்நுட்பம் பற்றி எழுதியபோது சைக்கிள், தையல் இயந்திரம், தட்டச்சு, அரிசி ஆலை ஆகியவற்றை எடுத்துக்கொண்டார். கண்டுபிடிப்பைவிடப் பயன்பாட்டையும் பழுதுபார்ப்பையும் வரலாற்றின் மையத்தில் வைக்க வேண்டும் என்று டேவிட் எட்ஜர்ட்டன் 2006இல் வாதிட்டார். இம்மூவர் காட்டிய வழியில் நடந்தால், இந்தியப் பட்டறையின் சோதனைக் கருவி இன்னும் எழுதப்படாத அத்தியாயம் என்பது புலப்படும்.

ஐந்தாறு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு வரலாறு

ஹைதராபாத்தில் அந்த அத்தியாயத்தின் பெரும்பகுதியை ஐந்தாறு கிலோமீட்டருக்குள் நடந்தே கடக்கலாம். ஒரு முனையில் பேகம்பேட், மறுமுனையில் சனத்நகர், இடையில் அமீர்பேட்.

பேகம்பேட் விமான நிலையத்தைத் தளமாகக்கொண்டு 1945இல் டெக்கான் ஏர்வேஸ் தொடங்கியது. 1953இல் இந்தியன் ஏர்லைன்ஸில் இணைந்தது. அது ஓட்டிய டகோட்டா விமானத்தில் இரண்டு ‘ட்வின் வாஸ்ப்’ எஞ்சின்கள். ஒவ்வோர் எஞ்சினுக்கும் 14 சிலிண்டர், 28 பிளக், 2 மேக்னட்டோ. பறப்பதற்கு முன் விமானி ஒரு மேக்னட்டோவை நிறுத்தி, சுழற்சி எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பார்; வரம்புக்கு மேல் குறைந்தால் விமானம் தரையைவிட்டு எழாது. சிம்மாசன காரின் சுவிட்சில் இருந்த அதே தத்துவம் இங்கே உயிர் காக்கும் நடைமுறையாகியிருந்தது.

சனத்நகர் பக்கம் வேறு கதை. நிஜாம் அரசின் ரயில்வே துறை 1932இல் 27 பேருந்துகளுடன் சாலைப் போக்குவரத்தைத் தொடங்கியது. 1942இல் ஹைதராபாத் ஆல்வின் நிறுவனம் எழுந்தது. சனத்நகரில் பேருந்துக் கூடுகளைக் கட்டியது. தனியார் கார் ஒன்று நின்றால் ஒரு குடும்பம்தான் தவிக்கும். பேருந்து நின்றால் ஊரே தவிக்கும். பணிமனையில் எஞ்சின் கோளாறை ஊகத்தால் தேட நேரமில்லை. கால அட்டவணைப்படி ஓடும் வண்டித் தொகுதி இருக்கும் இடத்தில்தான் சோதனைக் கருவி தன் விலையைத் திருப்பித் தரும்.

இரண்டாம் உலகப் போரின் பெட்ரோல் பஞ்சம் இதற்கு ஒரு கூர்மை சேர்த்தது. தென்னிந்தியச் சாலைகளில் கரிவாயுவால் பேருந்துகள் ஓடின. மதுரையிலிருந்து வந்த டிவிஎஸ் வாயுக்கலன் அவற்றுள் பெயர்பெற்றது. கரிவாயு பெட்ரோலைவிட மெதுவாக எரியும். எனவே பொறி முன்கூட்டியே விழ வேண்டும். கையேட்டில் அச்சிட்ட டைமிங் எண் அப்போது பயன்படவில்லை. எரிபொருள் மாறினால் கணமும் மாறும் என்ற அறிவைப் பட்டறைகள் அனுபவத்தில் பெற்றன. எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் பரவிவிட்ட இன்றைய நாளில் 1930களின் கார் ஒன்றை ஓட்ட நினைப்பவருக்கு அதே பாடம் வேறு வடிவில் திரும்ப வருகிறது.

இடையில் இருக்கும் அமீர்பேட் இன்று வேறு காரணத்துக்காக நாடறிந்த இடம். மைத்ரிவனத்தைச் சுற்றிய கட்டடங்களில் மாடிதோறும் கணினிப் பயிற்சி நிலையங்கள். பிற மாநில மாணவர்களும் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறார்கள். அங்கே நன்றாக விலைபோகும் பாடங்களில் ஒன்று ‘டெஸ்டிங்’. மென்பொருளைச் சோதிக்கும் ‘செலினியம்’ என்ற கருவியின் பெயர் விளம்பரப் பலகைகளில் தொங்குகிறது. பழைய பட்டறைச் சோதனைப் பெட்டிகள் பலவற்றில் மின்சாரத்தைத் திருத்திய உலோகத் தகட்டு அடுக்கின் பெயரும் செலினியம் ரெக்டிஃபையர்தான். பெயர் ஒற்றுமை தற்செயல். ஆனால் சோதிப்பது தனியாகக் கற்க வேண்டிய, கூலி பெறத்தக்க திறன் என்ற எண்ணம் இவ்வட்டாரத்துக்கு மென்பொருளுடன்தான் வந்தது என்று எண்ணுவது பிழை.

அரக்கும் அப்பிரகமும்

இக்கருவிகளை ‘வெளிநாட்டு இறக்குமதி’ என்று ஒரே சொல்லில் அடைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மேக்னட்டோவின் செம்புச் சுருள்களுக்குக் காப்பாகப் பூசப்பட்டது அரக்கு. உலகச் சந்தைக்கான அரக்கின் பெரும்பகுதி சோட்டா நாகபுரிக் காடுகளிலிருந்து போனது. இராஞ்சி அருகே 1924இல் அரக்கு ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் அமைந்தது. கண்டென்சரிலும் தொடக்ககாலப் பிளக்குகளிலும் காப்புப் பொருளாக இருந்தது அப்பிரகம். கோடர்மாவும் சென்னை மாகாணத்து நெல்லூரும் அதன் முக்கியச் சுரங்கப் பகுதிகள். காட்டில் அரக்குத் திரட்டிய ஆதிவாசியின் உழைப்பும், அப்பிரக ஏட்டைப் பிரித்த பெண்களின் உழைப்பும் ஐரோப்பாவுக்குச் சென்று, கறுப்புப் பெட்டிக்குள் அடைபட்டு, முத்திரையுடன் இந்தியத் துறைமுகத்தில் இறங்கின.

அந்த அரக்கே இன்று மீட்டெடுப்போருக்குச் சோதனையாக நிற்கிறது. நூறு கோடைகளைக் கண்ட அரக்கு இளகிக் கசியும்; ஈரத்தை உறிஞ்சும்; காப்புத் தன்மையை இழக்கும். ஓடாமலே நிற்கும் அரண்மனைக் காருக்கும் இந்நோய் வரும்.

மீட்டெடுத்தலின் மூன்று படிகள்

பழைய சோதனைக் கருவி ஒன்று கைக்கு வந்தால் முதலில் எழும் ஆசை பிளக்கை மாட்டி ஓட்டிப் பார்ப்பது. அதுவே பெரும்பாலும் அதன் முடிவு. காகிதக் கண்டென்சர் வெடிக்கும். செலினியம் அடுக்கு கருகினால் நச்சுப் புகை எழும். ஆகவே முதல் படி, தொடாமல் பதிவுசெய்வது. டயலில் எவரேனும் பென்சிலால் இட்ட கோடு, மாற்றிப் போட்ட கம்பி, உடைந்த குமிழுக்குப் பதில் பொருத்திய வேறொரு குமிழ் ஆகியவை குறைகள் அல்ல. அக்கருவியைப் பயன்படுத்தியவர் விட்டுச்சென்ற ஒரே எழுத்து அவை. மெருகேற்றும் துணி முதலில் அழிப்பது இவற்றைத்தான்.

இரண்டாம் படி, உள்ளுறுப்புகள். கெட்ட கண்டென்சரின் பழைய உறையை வைத்துக்கொண்டு, உள்ளே புதியதைப் பொதிந்து மூடுவது பரவலான வழி. மாடல் டி காயிலில் மரப்பெட்டிக்குள் தாரில் புதைந்த கண்டென்சரையும் இப்படியே மாற்றுகிறார்கள். எடுத்த பழைய உறுப்பை எறியாமல் பெயர்ச்சீட்டிட்டுக் கருவியுடனேயே வைத்திருந்தால், பின்வரும் ஆய்வாளர் சோதிக்கலாம். மின்சாரத்தை முதன்முறை ஏற்றும்போது நம் ஊர் எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் சீரிஸ் லேம்ப் போதும். உள்ளே ஷார்ட் இருந்தால் குண்டு பல்பு பளீரென எரியும், கருவி தப்பும்.

அமெரிக்கக் கருவியானால் மற்றொரு கவனம் வேண்டும். அது 115 வோல்ட், 60 சுழற்சிக்குச் செய்யப்பட்டது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், சுழற்சியை மாற்றாது. மின்கோட்டின் சுழற்சியைச் சார்ந்து ஓடும் மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். பாகை வளையத்தில் மின்னும் கோடு பாயின்ட்டால் இயங்குவது. அது பொய் சொல்லாது. பொய் சொல்லக்கூடியது வேகத்தைக் காட்டும் எண்.

இங்கேதான் மூன்றாவதும் கடினமானதுமான படி வருகிறது: சோதிப்பதைச் சோதிப்பது. மீட்டெடுத்த கருவி காட்டும் எண்ணை எதன் பேரில் நம்புவது? வேக அளவுக்கு விடை எளிது. அது சுவரிலேயே இருக்கிறது. இந்திய மின்கட்டமைப்பின் விதி, சுழற்சியை 49.90க்கும் 50.05க்கும் இடையில் வைத்திருக்கச் சொல்கிறது. எலக்ட்ரீஷியனின் டெஸ்டரில் உள்ள நியான் விளக்கு அந்த மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை ஒளிரும். சுழலும் தண்டில் நான்கு கோடுகளிட்ட அட்டையைப் பொருத்தி, இருட்டில் இவ்விளக்கைக் காட்டினால், நிமிடத்துக்கு 1500 சுற்றில் கோடுகள் அசையாமல் நிற்கும். கருவியின் முள் அப்போது 1500ஐக் காட்ட வேண்டும். காட்டவில்லையெனில் எவ்வளவு பிழை என்று குறித்துக்கொள்ளலாம். சில ரூபாய்ச் செலவில், ஒரு நாட்டின் மின்கட்டமைப்பே அளவுகோலாகிவிடுகிறது. ஹேக்சா பிளேடை அளவுகோலாக்கிய மெக்கானிக்கின் வழியும் இதுவும் ஒரே மரபு.

நுண்ணழுத்தமான கேள்வி இதற்கப்பால் இருக்கிறது. கோடு ‘நிற்கிறது’, பொறி ‘கொழுத்திருக்கிறது’ என்று தீர்ப்பது யார்? கருவி எண்ணைத் தரும். எவ்வளவு நடுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதைப் பழகிய கண்தான் சொல்லும். பாயின்ட் டிஸ்ட்ரிபியூட்டருடன் வாழ்ந்த கடைசித் தலைமுறை, அம்பாசடர், பிரீமியர் பத்மினி கார்களின் தலைமுறை. 2000இல் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகி, எஞ்சினைக் கணினி ஆளத் தொடங்கியபின் அந்தத் திறனுக்கு மாணவர் வரவில்லை. கருவி மீண்டு, கண் மறைந்துவிட்டால், எஞ்சுவது அழகான இரும்புப் பெட்டி மட்டுமே.

சட்டத்தின் கண்ணில் படாத பொருள்

இந்தியச் சட்டம் இப்பொருள்களை எப்படிப் பார்க்கிறது? 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், 50 ஆண்டு கடந்து மூல வடிவில் இருக்கும் வாகனத்தைப் பழம்பெரும் வாகனமாகப் பதிய வழிசெய்தது. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். எண் பலகையில் ‘வி.ஏ.’ என்ற தனி எழுத்துகள். வாகனத்தின் மூல வடிவத்தைக் காக்கச் சொல்லும் விதி, அவ்வடிவம் உண்மையில் மூலப்படி இயங்குகிறதா என்று அறியும் கருவியைப் பற்றிப் பேசவில்லை. 1972இன் தொல்பொருள் சட்டம் அறிவியலையும் கைத்தொழிலையும் விளக்கும் பொருள்களைச் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் 100 ஆண்டு நிறைந்திருக்க வேண்டும். மாடல் டி காயில் சோதனைப் பொறிகளில் சில இப்போதுதான் அந்த வயதை எட்டுகின்றன. 1930களின் டிஸ்ட்ரிபியூட்டர் டெஸ்டர் இன்னும் எட்டவில்லை. அதுவரை அதன் விதியைத் தீர்மானிப்பது காயலாங்கடைத் தராசு.

அந்தத் தராசில் செம்புக்கு ஒரு விலை, இரும்புக்கு ஒரு விலை. பாகையிட்ட வளையத்துக்கும் அதன் ஓரத்துப் பென்சில் கோட்டுக்கும் விலை இல்லை. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950களின் தொடக்கத்தில் இந்தியாவில் கார் பூட்டுவதை நிறுத்திச் சென்றபோதும், ஆல்வின் மறைந்தபோதும், 2008இல் பேகம்பேட்டின் பயணிகள் விமானங்கள் ஷம்ஷாபாத்துக்கு மாறியபோதும் கட்டடங்கள், தொழிலாளர், பங்குகள் பற்றி எழுதப்பட்டது. மேசைமேல் இருந்த சோதனைக் கருவிகளின் கணக்கை எழுத எவரும் முன்வந்ததாகத் தெரியவில்லை.

இதற்குப் பெரிய அருங்காட்சியகம் வேண்டியதில்லை. ஒரு பொறியியல் கல்லூரியின் ஆட்டோமொபைல் துறையும் ஒரு வரலாற்றுத் துறையும் சேர்ந்தால், பழைய பட்டறைகளில் இன்னும் தூசி படிந்து கிடப்பவற்றைப் பட்டியலிடலாம். இயக்கத் தெரிந்த முதியவர் ஒருவர் கைப்பிடியைச் சுற்றுவதைப் பதிவுசெய்யலாம். அவர் எந்த நடுக்கத்தைப் பொறுத்தார், எதைத் திருப்பி அனுப்பினார் என்று கேட்டு எழுதலாம். மாணவர் ஒருவரின் ஆய்வேட்டுக்குப் போதுமான வேலை அது. சௌமஹல்லாவின் மஞ்சள் கார் கண்ணாடிக்கு அப்பால் பத்திரமாக இருக்கிறது. அதைப் போன்ற கார்களை ஓடவைத்த தீர்ப்பறிவுக்குத்தான் இன்னும் சில ஆண்டுகளே அவகாசம்.